ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அது பேக்கப் இல்லை

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் வரை எந்தக் கடலோர வீட்டிலும் பீரோவைத் திறந்து பாருங்கள். பத்திரக் கட்டுக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவில் கைக்குட்டையில் சுற்றிய கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். கல்யாணம், காதுகுத்து, ஏர்வாடி சந்தனக்கூடு, ஓரியூர் திருவிழா, இறந்துபோன பெரியவர்களின் முகம் எல்லாம் அதற்குள்தான். கேட்டால் "எல்லாத்தையும் பேக்கப் எடுத்து வச்சாச்சு" என்பார்கள். போனில் இடமில்லை என்று டிஸ்க்கில் போட்டார்கள், பிறகு போனில் இருந்ததை அழித்தார்கள். அப்படியானால் அந்தப் பெட்டியில் இருப்பது நகல் இல்லை, அதுவே மூலம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரே பிரதி. அது போனால் போனதுதான்.

பேக்கப் என்றால் ஒரே படம் குறைந்தது இரண்டு தனித்தனிப் பொருள்களில் இருக்க வேண்டும். புகைப்படக்காரர்கள் நடுவே 3-2-1 என்றொரு கணக்கு உண்டு. அதைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர். மொத்தம் 3 பிரதி, 2 வகைப் பொருளில், அதில் 1 வேறு ஊரில். நம் கடற்கரையில் இந்தக் கணக்கின் கடைசி எண்தான் உயிர். காரணம் உப்பு, கரண்ட், மழை மூன்றும் ஒரு வீட்டுக்குள் இருக்கும் எல்லா டிஸ்க்கையும் சேர்த்தே தாக்கும்.

உப்பு என்ன செய்கிறது

வாடைக்காற்று அடித்தால் வடகடல் உப்பு, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தால் தென்கடல் உப்பு. ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் இருப்பவர்களுக்கு ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே காற்றுதான் டிஸ்க்கையும் தொடுகிறது.

டிஸ்க்கின் யூஎஸ்பி ஓட்டையை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். அகலமான, நடுவில் ஒரு பிளவு உள்ள ஓட்டை அது. உள்ளே இரண்டு வரிசையாக 10 முனைகள்: பெரிய பாதியில் 5, சின்னப் பாதியில் 5. தங்கநிறம் மேல்பூச்சு மட்டும். அதற்கடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. பூச்சில் நுண்ணிய ஓட்டை இருந்தால் உப்பு ஈரம் செம்பைப் பிடிக்கும், வெளியே பச்சைப் பொடியாகத் தெரியும். பழைய செம்புக் குடத்தில் படியும் களிம்பு போலத்தான். பெரிய பாதியின் 5 முனைகள் யூஎஸ்பி 2-க்கு. சின்னப் பாதி யூஎஸ்பி 3-ன் வேகத்துக்கு. சின்னப் பாதியில் களிம்பு பிடித்தால் டிஸ்க் செத்துப்போகாது, வேகம் மட்டும் விழும். நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் படித்த டிஸ்க் 35 மெகாபைட்டைத் தாண்ட மறுக்கும். 500 ஜிபியை ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்தது, 4 மணி நேரம் கேட்கும். பலர் இதை "டிஸ்க் பழசாயிருச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அது எச்சரிக்கை. அடுத்து பெரிய பாதியும் போகும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். புது டிஸ்க்கில் நிறையப் படங்களைக் கொட்டும்போது முதலில் வேகமாக ஓடி, பாதியில் 20, 30 என்று இறங்குவது வேறு விஷயம். இன்றைய 2.5 இன்ச் போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பல, ஓடு வேய்ந்தது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் ஏறி எழுதப்படுபவை. தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். அதில் குற்றமில்லை, பொறுமையாக விடுங்கள். படிக்கும்போதும் எப்போதும் 35-ஐத் தாண்டவில்லை என்றால்தான் கேபிளையும் முனையையும் சந்தேகிக்க வேண்டும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், விலை குறைந்தது அதுதான்.

முனையைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மெல்லிய நைலான் பிரஷ்ஷை நனைத்து, உதறிவிட்டு, முனை இருக்கும் திசையிலேயே நாலைந்து தடவை தேயுங்கள். அரை மணி நேரம் காயவிட்டு அதன்பிறகு செருகுங்கள். பெட்ரோல், துரு நீக்கும் ஸ்பிரே, ஊசி, சானிடைசர் எதுவும் வேண்டாம். சானிடைசரில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கும். முனையே உதிர்ந்துவிட்டால், பல டிஸ்க்குகளில் யூஎஸ்பி ஓட்டை உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் வேறு பெட்டிக்கு மாற்றவும் முடியாது. அதனால் புதிதாக வாங்கும்போது, லேப்டாப்புக்குள் மாட்டும் சாதாரண 2.5 இன்ச் சாட்டா டிஸ்க் ஒன்றும், அதை உள்ளே பொருத்த யூஎஸ்பி ஓட்டை உள்ள வெளிப்பெட்டியான கேசிங் ஒன்றும் தனித்தனியாக வாங்குவது என் விருப்பம். ஓட்டை கெட்டால் கேசிங்கை எறிந்துவிட்டு டிஸ்க்கை வேறொன்றில் மாட்டலாம்.

வைக்கும் இடம் பீரோவே ஆகட்டும், ஆனால் கைக்குட்டையில் அல்ல. துணி ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ரப்பர் வளையம் உள்ள, பூட்டி மூடும் 2 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே 50 கிராம் சிலிக்கா ஜெல். ஒரு சிறு டிஜிட்டல் ஈரப்பத மானி. அது 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் வெளியே 80 சாதாரணம். ஜெல் ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீலத்திலிருந்து ரோஸ் ஆகும் பழைய வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஆரஞ்சு வகையை, சமையலுக்குப் புழங்காத தட்டில் பரப்பி ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நிறம் திரும்பும். ஏசி அறையிலிருந்து எடுத்த டிஸ்க்கை உடனே வெளி அறையில் செருகாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் வியர்க்கும். மூடிய டப்பாவுக்குள்ளேயே ஒரு மணி நேரம் இருந்து வெளிச்சூட்டுக்கு வரட்டும்.

கரண்ட்

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது, அதைப் படிக்கும் முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முனை தானாக ஒதுங்கிக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் பாதி எழுதிய கோப்பும், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் அந்தரத்தில் நிற்கும். காற்றுக்காலத்தில் நம் பக்கம் லைன் வந்து வந்து போகும் என்பது தெரிந்ததே. எனவே காப்பி வேலையை லேப்டாப்பில் வையுங்கள், சார்ஜ் முழுசாக இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் சில கம்ப்யூட்டர்கள் அணைந்துவிடும். தனி அடாப்டர் கேட்கும் 3.5 இன்ச் டிஸ்க்கை இங்கே நான் பரிந்துரைப்பதில்லை. வோல்டேஜ் ஏறி இறங்கும்போது முதலில் அடிவாங்குவது அதுதான்.

யூஎஸ்பி 2 ஓட்டை தருவது 500 மில்லியாம்ப், யூஎஸ்பி 3 தருவது 900. முன்பக்க ஓட்டை, மெல்லிய நீளக் கேபிள், ஹப் இவற்றில் செருகினால் டிஸ்க் சுழலத் திணறி டிக் டிக் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் டிஸ்க் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். குட்டைக் கேபிளில், பின்பக்க நீல ஓட்டையில் ஒரு முறை மட்டும் பாருங்கள். அப்போதும் டிக் டிக் என்றால் உடனே கழற்றுங்கள், மறுபடி செருகாதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் படிக்கும் முனை தட்டைச் சுரண்டக்கூடும்.

எதில் எடுப்பது

விண்டோஸ் மட்டும் புழங்கும் வீடு என்றால் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட்டில் வையுங்கள். செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு செய்யும் முறை அதில் உண்டு, திடீரென்று பிடுங்கினாலும் பெரும்பாலும் மீளும். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மட்டில் அந்தக் குறிப்பேடு கிடையாது. ஆனால் மேக்கும் விண்டோஸும் மாறி மாறி எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்தான் வழி, அப்போது 'எஜெக்ட்' கொடுக்காமல் எடுப்பது பெரும் பிழை. பழைய ஃபேட்32 வேண்டாம். 4 ஜிபிக்கு மேல் உள்ள கல்யாண வீடியோ அதில் ஏறாது.

சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி கீழே விழுந்தால் தாங்கும், வேகமும் அதிகம். ஆனால் கரண்ட் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்க அது சரிவராது. உள்ளே மின்னேற்றமாக நிற்கும் தகவல் மெல்லக் கசியும், வெக்கை அதை வேகப்படுத்தும். பென்டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் இதே கதி. அன்றாடப் புழக்கத்துக்கு எஸ்எஸ்டி, பூட்டி வைக்க சுழலும் டிஸ்க். இரண்டு டிஸ்க் வாங்கினால் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே குறையோடு வரலாம்.

காப்பி எடுக்கும் விதம்

இழுத்து விட்டுவிட்டுப் போவதில்தான் படங்கள் தொலைகின்றன. முதலில் பெயர். கேமரா 9999-வது படத்துக்குப் பிறகு மறுபடி 0001 என்று தொடங்கும். இரண்டு கேமராவில் எடுத்த கல்யாணத்தில் இரண்டிலும் 0001 இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது 'ரீப்ளேஸ் செய்யவா' என்று கேட்கும், அவசரத்தில் ஆம் என்று தட்டினால் ஒரு படத்தின் மேல் இன்னொன்று உட்கார்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஃபோல்டர். ஃபோல்டருக்கு ஆண்டு, மாதம், நாள் முதலில்: '2019-05-12_கீழக்கரை_லாத்தா நிக்காஹ்_கார்டு2'. இப்படி வைத்தால் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

தமிழில் பெயர் வைப்பது நல்லது, நானும் அதையே சொல்வேன். ஆனால் சுருக்கமாக. விண்டோஸில் டிஸ்க்கின் எழுத்திலிருந்து படத்தின் பெயர் வரை முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் இருந்தால்தான் பல செயலிகள் ஒப்புக்கொள்ளும். நமக்கு 'பாம்பன்' நான்கு எழுத்து, கம்ப்யூட்டருக்கு 7. காலும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும், லினக்ஸில் ஓடும் சேமிப்புப் பெட்டியில் வைத்தால் இன்னும் இறுக்கம்: ஒரு பெயருக்கு 255 பைட்தான், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போய்விடும், ஆக 85 குறிதான் மிஞ்சும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஐந்தாறு அடுக்கு போட்டால், பாதை 260-ஐத் தாண்டி, அடியில் இருப்பவை காப்பியாகாமல் விட்டுப்போகலாம்.

காப்பிக்கு டெராகாப்பி போன்ற ஒரு செயலியை எடுங்கள், அதில் 'வெரிஃபை' என்பதைத் தட்டி வையுங்கள். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் மறுபடி படித்து ஒப்பிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காப்பியான கையோடு ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் சில சமயம் டிஸ்க்கைப் படிக்காமல், தன் நினைவகத்தில் இன்னும் இருக்கும் பிரதியைப் படித்து 'சரி' என்று சொல்லிவிடும். எஜெக்ட் கொடுத்து, கழற்றி, மறுபடி செருகி, அதன்பின் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற செயலியில் 'கோப்பின் உள்ளடக்கம்' என்ற முறையில் ஒப்பிடுங்கள். நேரம் பிடிக்கும். இரவில் விடலாம். எண்ணிக்கையும் அளவும் ஒத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கெட்டுப்போன ஜேபெக் படக் கோப்பின் அளவு சில சமயம் மாறவே மாறாது. திறந்தால் மேல்பாதியில் மாப்பிள்ளையின் தலைப்பாகை தெளிவாக இருக்கும், நெற்றிக்குக் கீழே ஒரே சாம்பல் பட்டை.

ஃப்ரீஃபைல்சிங்க்கில் 'மிரர்', 'அப்டேட்', 'டூ வே' என்று மூன்று வழி தெரியும். மிரர் என்பது இந்தப் பக்கம் எப்படியோ அந்தப் பக்கமும் அப்படியே. தெரியாமல் ஒரு ஃபோல்டரை இங்கே அழித்துவிட்டு மிரர் ஓட்டினால் அங்கேயும் அழியும். படங்களுக்கு 'அப்டேட்' போதும், புதியதும் மாறியதும் மட்டும் போகும், இங்கே அழித்தது அங்கே அழியாது. மிரர்தான் வேண்டும் என்பவர்கள், அழிப்பவற்றை 'வெர்ஷனிங்' ஃபோல்டருக்கு ஒதுக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

லைட்ரூம் என்ற செயலியில் படம் திருத்துபவர்கள் கவனிக்க: செய்த திருத்தமெல்லாம் படத்துக்குள் இல்லை, கேட்டலாக் என்ற தனிக் கோப்பில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் லேப்டாப்பின் சி டிரைவில். அதைச் சேர்க்காமல் எடுத்த பேக்கப்பில் நெகட்டிவ் மட்டும்தான் இருக்கும்.

மூல டிஸ்க்கை பிரிண்ட் போடும் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் எடுத்துப் போகவே கூடாது. ஃபோல்டரையெல்லாம் மறைத்துவிட்டு ஷார்ட்கட்டாக்கும் வைரஸ் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வேண்டிய படத்தை மட்டும் பென்டிரைவில் கொண்டு போங்கள். கல்யாண ஆல்பம் வாங்கும் அன்றே ஸ்டுடியோவில் ஒரு காலி டிஸ்க்கைக் கொடுத்து மூலப் படங்களைக் கேட்டு வாங்கிவிடுவதும் நல்லது. அடுத்த சீசனுக்கு இடம் வேண்டி அவர்கள் அழித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியது மூலம் ஆகாது. அளவு சுருங்கும், எடுத்த தேதியும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் இரண்டும் நிற்கும்.

வேறு ஊரில் ஒன்று

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடிக்கு நேர்ந்தது நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அத்தனை தூரம் போக வேண்டாம், 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் நனைவது பீரோவின் கீழ்த்தட்டு. டிஸ்க் டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள், அதை இன்றைக்கே செய்யலாம்.

மூன்றாவது பிரதி தீவுக்குள் பக்கத்துத் தெருவில் இருந்தால் அது வேறு ஊர் ஆகாது. ராமநாதபுரம் டவுனும் கடலுக்கு அருகில்தான். பரமக்குடி, மதுரை, சிவகங்கை என்று உள்ளே தள்ளி ஒரு உறவு வீடு இல்லாத குடும்பம் நம் பக்கம் அரிது. பொங்கலுக்கு ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்து, அங்கே இருக்கும் பழையதை எடுத்து வாருங்கள். ஆடியில் மறுபடி மாற்றுங்கள். ஆக எப்போது எது நடந்தாலும் இழப்பு அதிகம் போனால் ஆறு மாதப் படம்.

இணையத்தில் சேமிக்கும் கிளவுட் நல்லதுதான், கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகம் முழுசாகக் கிடைத்தால் 500 ஜிபி ஏற 55 மணி நேரம். தினம் 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜில் 250 நாள். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகத் தந்தது 2021 ஜூன் 1-உடன் முடிந்தது, இப்போது எல்லாம் சேர்த்து 15 ஜிபி. 'ஸ்டோரேஜ் சேவர்' என்று வைத்திருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேலுள்ளதைச் சுருக்கிவிடும், 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று மாற்றுங்கள். போனில் அந்த ஆப்புக்குள் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும், குப்பையில் 60 நாள்தான் கிடக்கும். 2 ஆண்டு யாரும் எட்டிப் பார்க்காத கணக்கை கூகுள் நீக்கலாம் என்பதையும், இறந்தவர்களின் கணக்கில் படம் இருக்கும் வீடுகள் மனதில் வைக்க வேண்டும்.

கெடத் தொடங்கினால்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, டிஸ்க்கை மாற்றும் அன்றே, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலியைத் திறந்து மூன்று வரியைப் பாருங்கள்: 05, சி5, சி6. கெட்ட இடங்களை மாற்றியது, கெட்டதோ என்று சந்தேகத்தில் நிற்பது, படிக்கவே முடியாதது என்பவை அவை. மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-ல் எண் ஏறியிருந்தால் அன்றே எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், விலைமதிப்பற்ற ஃபோல்டர் முதலில். அப்போது 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். அது அட்டவணையைச் சரிசெய்யும் செயலி, சாகக் கிடக்கும் டிஸ்க்கை விடாமல் ஓடவைத்து மிச்சத்தையும் முடித்துவிடும்.

'ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று திரையில் வந்தால் 'கேன்சல்'. அட்டவணை மட்டும் போயிருக்கலாம், படங்கள் அப்படியே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவசச் செயலி படத்தின் தொடக்கக் குறியைத் தேடிப் பொறுக்கியெடுக்கும். பெயரும் ஃபோல்டரும் திரும்பாது, எல்லாம் எண்களாக வரும், ஆனால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் வரிசைப்படுத்தலாம். மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதாதீர்கள், வேறு டிஸ்க் வேண்டும். தண்ணீரில் நனைந்த டிஸ்க்கை அரிசியில் போடுவதும் வெயிலில் காயவைப்பதும் உதவாது. உப்புத்தண்ணீர் காய்ந்தால் உப்பு உள்ளேயே நிற்கும். கரண்ட் கொடுக்காமல், பையில் போட்டு மூடி, மீட்டெடுக்கும் நிலையத்துக்கு அப்படியே கொண்டுபோங்கள்.

வேறு ஊரில் வைக்கும் டிஸ்க்குக்கு விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டுப் பூட்டுபவர்கள், அது கொடுக்கும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். டிஸ்க்கோடு வேண்டாம். தாள் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவிடுங்கள். டிஸ்க்கின் முதுகில் அழியாத மார்க்கரில் எழுத வேண்டியது மூன்று: 'படங்கள், பிரதி 2', கடைசியாகச் சரிபார்த்த தேதி, மற்ற பிரதி இருக்கும் ஊர்.